பேரு மட்டும் எழுத வேண்டாங்க

வெயில்ல நிக்காதீங்க அம்மிணி, உள்ள ஏறி உக்காருங்க. அந்த சீட்டு வேண்டாம், காத்தால ஒரு எல்கேஜிப் பையன் வாந்தி எடுத்துப்போட்டான், கழுவியும் வாசம் போகலை. இந்தப் பக்கம் வாங்க. பெல்லு நாலு மணிக்குத்தான். இப்ப மூணேகாலு. அதுவரைக்கும் இந்த வேப்பமரத்தடியில நானும் வண்டியும் சும்மாதான் கெடக்கறோம். கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். பேரு மட்டும் எழுத வேண்டாங்க. உங்க சர்வே பேப்பர்ல மொதக் கட்டமே பேருதானா? அதை விட்டுப்போட்டு அடுத்ததுக்கு வாங்க. ஸ்கூல் வேன் டிரைவர்னு போட்டுக்கங்க, போதும்.

கை நடுங்குதா? பாத்துட்டீங்களா. ஒண்ணுமில்லீங்க, வெசனம். மூணு மாசமா ஒரு வெசனம் மனுசனைத் தின்னுட்டிருக்குது. மத்தியானம் டப்பாவைத் தொறந்து பாத்தேன், சோறு எறங்கலை, அப்படியே மூடி வெச்சுட்டேன். காத்தால தின்ன ரெண்டு இட்லிதான். அதை விடுங்க.

என்ன கேட்டீங்க? வீட்டுக் குப்பையைப் பிரிச்சுப் போடறதுக்கு எளவட்டங்களைத் தூண்டறது எது. விழிப்புணர்வு, பெத்தவங்க, சிநேகிதங்க, பரிசு, சட்டம். அஞ்சு கட்டம். அம்மிணி, உண்மையச் சொன்னா எழுதுவீங்களா? எங்க வீதியில பொண்ணுங்க நாலு பேரு வந்தாங்க, அதனால பசங்க ஏழு பேரு வந்தாங்க. அவ்வளவுதாங்க. சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காத்தால ஏழு மணிக்கு, பத்து மணிக்கு முன்ன எந்திரிக்காத பசங்க, தலை சீவி, பவுடர் போட்டு, குப்பையைக் கிளற வந்து நின்னானுங்க. உங்க பாசையில அதை சிநேகிதங்கன்னு போட்டுக்கங்க.

ஆனா மத்த மூணு பொண்ணுங்களையும் வரவெச்சது அதுல ஒரே ஒரு புள்ள. கௌசிகா. எங்க ஊட்டுக்கு மூணாவது ஊடு. டெய்லர் வசுமதி பொண்ணு, அப்பன் கெடையாது. எல்கேஜியில இருந்து பன்னண்டாவது வரைக்கும் என்ற வேன்லதான் வந்துச்சு. இந்தா, எனக்குப் பின்னால இருக்குது பாருங்க, அந்த சீட்டு. பதினாலு வருசம் என்ற முதுகைப் பாத்துட்டே வந்த புள்ளைங்க. இப்பக் காலேஜு ரெண்டாவது வருசம், கணக்குப் படிக்குது. போன வருசம் சித்திரையில அதுதான் ஆரம்பிச்சுது. வாய்க்காலுக்குப் போறப்ப ஒரு கன்னுக்குட்டி பால் கவரை மென்னுட்டு நின்னுச்சாம். அதைப் பாத்துட்டு வந்து, நாப்பது ஊட்டுக் கதவையும் தட்டிப்போட்டுது. மக்கற குப்பை உங்களோட, மக்காத குப்பை எங்களோட, ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுங்கன்னு.

மாகாளியம்மன் கோயிலுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாய் இருக்குதுங்க, அதுல தார்ப்பாய் விரிச்சு எல்லாப் பையையும் ஒண்ணாக் கொட்டி, கவரு ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்னு பிரிப்பாங்க. பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? குப்பை பொறுக்கறதுக்கா உன்னையக் காலேஜுக்குத் தாட்டி விட்டேன்னு ஊட்டுக்கு ஊடு சண்டை. அது யாரு செய்யற வேலை, நீ யாரு, நாளைக்கு எவன் கட்டுவான்னு பொண்ணுங்களுக்குத் தனியா ஒரு அர்ச்சனை. உங்க பேப்பர்ல பெத்தவங்கன்னு போட்டிருக்கீங்களே, அது தூண்டற பக்கம் இல்லீங்க, கயித்தைப் புடிச்சு இழுக்கற பக்கம்.

அப்ப அந்தப் புள்ளைங்களுக்கு வக்காலத்து வாங்குன ஒரே பெரிய மனுசன் நாந்தாங்க. பெருமைக்குச் சொல்லலை. இந்தக் கம்பியில பாருங்க, ஆணி இருக்குதல்ல? அதுல ஒரு சிமெண்டுச் சாக்கு கட்டித் தொங்க விட்டிருந்தேன். வேன்ல வர்ற குழந்தைங்க முட்டாய்க் காகிதம், சிப்ஸ் கவரு எல்லாம் அதுலதான் போடணும். வெளிய வீசினா அடுத்த நாள் பின் சீட்டு. சனிக்கிழமையானா சாக்கைக் கொண்டுபோய்க் கௌசிகாகிட்டக் குடுப்பேன். போன வருசம் ஆகஸ்டு பதினஞ்சுக்கு எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் என்ன பேசுனேன்? அன்னிக்குத்தான் யாரோ ரப்பர் கையுறை வாங்கிக் குடுத்திருந்தாங்க. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துபோச்சு. கண்ணுகளா, இது நம்ம ஊட்டுக் குப்பை, நம்ம அண்ணன் தம்பி ஊட்டுக் குப்பை, இதைத் தொடறதுக்கு உறை எதுக்கு, அசிங்கம் பாத்தா அப்பறம் எப்படி வீதிய மாத்துவீங்கன்னு கேட்டேன். கை தட்டுனாங்க பாருங்க! புள்ளைங்க அங்கியே உறையைக் கழட்டிப் போட்டுட்டுதுங்க. நல்ல பேச்சுன்னு ஊர்த் தலைவரே சொன்னாரு.

சரி, இப்ப ஏன் நின்னு போச்சுன்னு கேக்கறீங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க.

பயம்ங்க. பயம்னு ஒரு கட்டம் இருக்குதா அதுல? இல்லையா? போடணுமே அம்மிணி. அதுதான எல்லாம்.

இந்த வருசம் ஆடிப் பதினெட்டு முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை. நானும் கொட்டாயிலதான் இருந்தேன், டீ குடிச்சுட்டு. கௌசிகா ஒரு பவுடர் டப்பாவை எடுத்துச்சு. மத்த புள்ளைங்களா இருந்தா அப்படியே தகரக் குவியல்ல வீசியிருக்கும். இது வீசாது. மூடி பிளாஸ்டிக்கு, டப்பா தகரம், ரெண்டையும் பிரிக்கணும்னு அதுவே போட்ட சட்டம். மூடியத் திருகித் தொறந்துச்சு. உள்ள துணி அடைச்சிருந்துச்சு. துணி தனி ஆச்சே, வெரலை உட்டு இழுத்துச்சு. அப்படியே கையை ஒதறுச்சு பாருங்க. நடுவெரல்ல ஒரு பொட்டு ரத்தம். டப்பாவைக் கவுத்தா ஆறு ஊசி. ஊசின்னா தைக்கற ஊசி இல்லைங்க. ஆசுபத்திரி ஊசி. அஞ்சுக்கு மூடி இருந்துச்சு, ஒண்ணுக்கு இல்லை.

ஒழுங்கா வேலை செஞ்ச புள்ளைக்குத்தான் குத்துச்சு.

அப்பறம் ஒரு பையன் மெதுவா அந்த சீக்கோட பேரைச் சொன்னான். எந்த சீக்குன்னு உங்களுக்கே தெரியும், என்ற வாயால வேண்டாம். அவ்வளவுதான், புள்ள மொகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. நாந்தான் இதே வேன்ல கொண்டுபோனேன் பெரியாசுபத்திரிக்கு. அந்தப் புள்ள அதே சீட்டுல உக்காந்து, வெரலை ஒசத்திப் புடிச்சுட்டு, மாமா வேகமாப் போங்க, மாமா வேகமாப் போங்கன்னு சொல்லிட்டே வந்துச்சு. வசுமதி அழுகறதா புள்ளையப் புடிக்கறதான்னு தெரியாம உக்காந்திருந்தா.

டாக்டரம்மா சின்ன வயசு. நிதானமாத்தான் பேசுச்சு. ஊசி யாரு போட்டதுன்னு தெரியாத வரைக்கும் அபாயம்னுதான் எடுத்துக்கணும், இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை, ஒண்ணரை மாசத்துல ஒரு டெஸ்ட்டு, மூணு மாசத்துல ஒரு டெஸ்ட்டுன்னுச்சு. அப்பறம் நிமிந்து எங்க எல்லாரையும் பாத்துக் கேட்டுச்சு.

"அந்த ஊசியப் போட்டவங்க யாருன்னு தெரிஞ்சா ஒரு மணி நேரத்துல அவங்க ரத்தத்தைப் பாத்துடலாம். ஒண்ணும் இல்லைன்னா இந்தப் பொண்ணுக்கு இந்த மாத்திரையே தேவைப்படாது. யாருக்காவது தெரியுமா?"

கதவைப் புடிச்சுட்டு நின்னது நாந்தாங்க.

சித்தெ அந்தப் பேனாவைக் கீழ வைங்க அம்மிணி. இனிமே சொல்றதை எழுத வேண்டாம். நீங்க வெளியூரு, நாளைக்குப் போயிடுவீங்க, அதனால சொல்றேன். மூணு மாசமா யாருகிட்டயும் சொல்லலை. என்ற ஊட்டுக்காரி சாந்தாமணிக்குத் தெரியும், அவ என்கூடப் பேசியே ரெண்டு மாசமாச்சு.

அந்த டப்பா எங்க ஊட்டு டப்பாங்க. ஊட்டுல அவ தெரியாம பையில போட்டுட்டா. இல்லை. பொய் எதுக்கு, நாந்தான் போட்டேன். அந்த ஊசி என்ற ஊசி. எனக்கு சக்கரைங்க. ஏழு வருசமா மாத்திரை, போன வருசத்துல இருந்து ஊசி, தெனம் ரெண்டு வேளை, வயித்துல. சாந்தாமணியத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஏன்னு கேக்கறீங்களா? ரெண்டு வருசத்துக்கு முன்ன வேற ஊருல ஒரு ஸ்கூல் வண்டி, டிரைவருக்கு சக்கரை எறங்கிக் கண்ணைக் கட்டி, வண்டி வாய்க்கால் மேட்டுல ஏறி நின்னுபோச்சு. தெய்வாதீனமா ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அதுல இருந்து எங்க ஸ்கூல்ல ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் எழுதி வாங்கறாங்க, எனக்கு அப்படிப்பட்ட வியாதி எதுவும் கெடையாதுன்னு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஊசி போடறவன்னு தெரிஞ்சா எந்தத் தாய் என்ற வண்டியில குழந்தைய ஏத்துவா? அம்பது வயசுக்கு மேல எவன் புதுசா வேலை குடுப்பான்? எனக்கு இந்த வேலையத் தவிர ஒரு வேலையும் தெரியாதுங்க.

எனக்கு ஒரு நாளும் கண்ணைக் கட்டுனதில்லை. அதை நீங்க நம்பணும். ரெண்டு மூணு தடவை லேசாக் கிறுகிறுன்னு வந்துச்சு, அப்பக்கூட வண்டிய ஓரங்கட்டி, டயரைப் பாக்கற மாதிரி எறங்கி, ஒரு முட்டாய வாயில போட்டுட்டு, சரியான பொறகுதான் எடுத்தேன். குழந்தைங்களுக்கே தெரியாது. அவ்வளவு கவனமா இருக்கறவன் நான். இந்தப் பொட்டியில எப்பவும் முட்டாய் வெச்சிருப்பேன். இன்னிக்குக் கடைசி முட்டாய காத்தால வாந்தி எடுத்த பையனுக்குக் குடுத்தாச்சு.

டப்பா எப்படிப் போச்சுன்னு சொல்லணும்ல. ஒரு ஊசிய ரெண்டு மூணு தடவை போட்டுக்குவேன், தீந்த ஊசியெல்லாம் சேத்து வெச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை வாய்க்கால் பாலத்துல நின்னு தண்ணியில உட்டுருவேன். தப்புதான். ஆனா யாரும் பாக்க மாட்டாங்கல்ல. ஆடிப் பதினெட்டு வாரத்துல பாலத்துக்கிட்டப் போகவே முடியலைங்க. கரை முழுக்கப் பொம்பளைங்க, முளைப்பாரி, தேங்காப் பழம், சாமி கும்படறாங்க. அந்தத் தண்ணியில போயி ஊசிய வீசறதா? மனசு கேக்கலை. டப்பாவைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன். ஊட்டுல வெச்சா, அடுத்த நாள் ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க வர்றாங்க. துணிய அடைச்சு, மூடிய இறுக்கி, ஞாயித்துக்கிழமைப் பையில அடியில போட்டுட்டேன். பவுடர் டப்பாவ எவன் தொறந்து பாக்கப் போறான்னு நெனச்சேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச மாதிரி. அந்தப் புள்ள போட்ட சட்டம் எனக்குத் தெரியுமுங்க, மூடி தனி, டப்பா தனி. நானே வேன்ல குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னிக்கு நெனப்பு வரலை.

கொட்டாயில கௌசிகா கையில அந்த டப்பாவைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. அது மூடியத் திருகற வரைக்கும் நேரம் இருந்துச்சு. ஒரு வார்த்தை, 'கண்ணு, அதை இப்படிக் குடு'ன்னா முடிஞ்சுது. கையில டீ டம்ளரு. வாய் வரலைங்க.

யாரு ஊசின்னு கண்டுபுடிக்க முடியலை. பையில கதவு நம்பரு எழுதலாம்னு முன்னாலயே ஒரு பையன் சொன்னான், நம்ம ஆளுங்களை நாமளே சந்தேகப்படறதான்னு நாந்தான் வேண்டாம்னு சொல்லியிருந்தேன். அப்பறம் வீதியில ஆளாளுக்கு ஒண்ணு பேசுனாங்க. கடைசி லைன் ஊட்டுல வடக்கத்திப் பசங்க மூணு பேரு குடியிருந்தாங்க, நூல் மில்லுக்குப் போறவங்க. அவங்கதான் போதை ஊசி போடறாங்கன்னு எவனோ கெளப்பி உட்டான். பத்துப் பேரு போயிக் கதவைத் தட்டுனாங்க. நானும் கூடப் போனேன். போகலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்கல்ல? நான் எதுவும் பேசலைங்க, ஓரமா கம்முனுதான் நின்னேன். அந்தப் பசங்க அன்னிக்கே சட்டி பானையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுல ஒருத்தன் ஞாயித்துக்கிழமையானா கொட்டாய்க்கு வந்து மூட்டை தூக்கிக் குடுப்பான். நல்ல பையன்.

மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம். எனக்கு மடி நெறையக் கனம். தெரு முனையில ரெண்டு பேரு நின்னு பேசுனா என்னையப் பத்தித்தான்னு இருக்குது. ஸ்கூல் ஆபீசுல கூப்பிட்டா அந்தக் கையெழுத்துதான் நெனப்பு வருது.

புள்ள அந்த இருபத்தெட்டு நாளும் பட்ட பாடு இருக்குதே. மாத்திரையத் தின்னா வாந்தி, தலை சுத்தல். பரீச்சை ரெண்டு எழுதலை. மாத்திரை முடிஞ்சுது, ஒண்ணரை மாச டெஸ்ட்டுல ஒண்ணுமில்லைன்னும் வந்துச்சு. அப்பவும் தெளியலைங்க. தனித் தட்டு, தனி டம்ளரு. யாரும் வெக்கச் சொல்லலை, அதுவே எடுத்து வெச்சுக்கிச்சு. அக்காளுக்குக் கொழந்தை பொறந்திருக்குது, ரெண்டு மாசம், அதைத் தூக்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா சொல்லியாச்சு, தட்டுல ஒட்டாது, தூக்கறதுல ஒட்டாதுன்னு. காதுல ஏறலை. பயம் வந்துட்டா எந்த டாக்டர் சொல்லி ஏறும்? மத்த பத்துப் புள்ளைங்களும் கொட்டாய்ப் பக்கமே வரலை. பெத்தவங்களுக்கு வசதியாப் போச்சு, அன்னிக்கே சொன்னமல்லன்னு. நாப்பது ஊட்டுக் குப்பையும் பழையபடி வாய்க்கால்ல மெதக்குது. நானும் அங்கதான் போடறேன்.

அப்ப நீங்க ஏன் சொல்லலைன்னு பாக்கறீங்க. அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. எனக்கும் ஒரு பயம் இருந்துச்சுங்க. இருபது வருசத்துக்கு முன்ன பவானிகிட்ட லாரி மோதி ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க எனக்கு. அது எவன் ரத்தமோ? ஒருவேளை எனக்கே அந்த சீக்கு இருந்து, அது அந்தப் புள்ளைக்கும் போயிருந்தா? அதை நெனச்சு நெனச்சு ஊசி போடறப்பெல்லாம் என்ற ரத்தத்தைப் பாத்து நானே பயந்தேன். ஒண்ணரை மாசம் கழிச்சு, ஈரோட்டுல தெரியாத ஒரு லேபுக்குப் போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். அந்த சீக்கு, ரெண்டு வகை மஞ்சக்காமாலை, எல்லாமே இல்லைன்னு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து அழுதுட்டேன். அது புள்ளைக்காக அழுததா எனக்காக அழுததான்னு கேட்டா எனக்குத் தெரியலைங்க.

அந்தப் பேப்பரைப் புள்ளைகிட்டக் குடுத்தா பயம் தீந்துரும். ஆனா மேல என்ற பேரு இருக்குதே. ரெண்டு வாரம் இந்த சாமி படத்துக்குப் பின்னாலயே வெச்சிருந்தேன். அப்பறம் ஒரு ரோசனை வந்துச்சு. பேரு, வயசு போட்ட மேல் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டேன். மீதிப் பேப்பர்ல, 'அந்த ஊசி போட்டவரின் ரிப்போர்ட்டு, பயப்பட வேண்டாம்'னு எடது கையால எழுதி, வசுமதி கடைக்குப் போன நேரம் பாத்துக் கதவுக்கடியில தள்ளி உட்டுட்டேன். அன்னிக்குத்தாங்க ரெண்டு மாசம் கழிச்சு வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பொழுதோட அந்தப் புள்ள பேப்பரோட என்றகிட்டயே வந்துச்சு. ஊருல அதுக்கு நம்பிக்கையான ஆளு நாந்தான. வேன் படியில உக்காந்து, மடியில பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டுச் சொல்லுச்சு.

"மாமா, ஒண்ணுமில்லாத சீக்குக்கு எதுக்கு மாமா பேரைக் கிழிக்கணும்? யாரோ என்னைப் பாத்துப் பாவப்பட்டு எங்கியோ கெடந்த பேப்பரைப் போட்டிருக்காங்க. இல்லைன்னா, பேரே சொல்ல முடியாத அளவுக்கு அந்த ஆளுக்கு என்னமோ இருக்குது. பேரு இருந்தா நம்பியிருப்பேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? ஆமா கண்ணுன்னு சொன்னேன். அது பேப்பரை மடிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. போறப்ப, எனக்கு எல்லாருகிட்டயும் பயமா இருக்குது மாமா, உங்ககிட்ட மட்டும்தான் இல்லைன்னுச்சு. தைரியம் குடுக்கப் போயி, இருந்த பயத்தை ரெட்டிப்பு ஆக்கிப்போட்டேன்.

நாளைக்கு மூணாவது மாச டெஸ்ட்டு. நாந்தான் கூட்டிட்டுப் போகணும். நேத்து வசுமதி வந்து சொல்றா, புள்ள வர மாட்டேங்குதாம். என்னன்னு தெரிஞ்சுக்கறதுக்குப் பதிலா தெரியாமயே இருந்துக்கறேன்னு கதவைச் சாத்திக்கிச்சாம். காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதாம். அண்ணா, நீங்க வந்து பேசுங்க, நீங்க சொன்னாக் கேக்கும்னு என்ற கையைப் புடிச்சுட்டு அழுகறா. அந்தக் கைதாங்க இது. பாருங்க, எப்படி ஆடுது.

கிழிச்ச துண்டு இன்னும் பர்சுலதான் இருக்குது. அம்மிணி, ஒரு உபகாரம் கேக்கட்டுங்களா. நீங்க அடுத்தது அந்தப் புள்ளை ஊட்டுக்குத்தான போவீங்க, உங்க லிஸ்ட்டுல இருக்குமே. நீங்க சொல்லுங்க. விசாரிச்சதுல தெரிஞ்சுது, ஊசி ஒரு சக்கரை நோயாளியோடது, ரத்தம் சுத்தம்னு. பேரு வேண்டாம். அது படிச்ச புள்ள, நீங்க சொன்னா நம்பும்ல?

நம்பாதா. ஆமா. நம்பாது.

வேர்க்குதா? வெயிலுங்க. இல்லை, மரத்தடிதான், சரி. நாக்கு கொளறுதா எனக்கு? நீங்க சொல்லித்தான் தெரியுது. பயம் இப்படித்தான் பண்ணும் அம்மிணி, வேற ஒண்ணும் இல்லை. உங்க பேப்பர்ல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. காத்தால பத்து யூனிட்டு போட்டேன், மத்தியானம் சாப்பிடலை. உங்க பையில பிஸ்கட்டு ஏதாச்சும் இருக்குதா? குடுங்க, அது போதும். பத்து நிமிசத்துல சரியாயிரும். எப்பவும் ஆயிரும்.

பெல்லு அடிச்சிருச்சு.

அதோ வருதுங்க பாருங்க, புழுதியக் கெளப்பிக்கிட்டு. முன்னால ஓடி வர்றானே, அவன்தான் காத்தால வாந்தி எடுத்தவன், சர்வேசு. எப்பவும் மொதல்ல ஏறணும் அவனுக்கு. முப்பத்தி ரெண்டு உருப்படிங்க. வாட்ச்மேன்கிட்ட டயருல காத்து கம்மின்னு சொன்னா கால் மணி நேரம் கெடைக்கும். மூணு தடவை அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஆமாங்க, மூணு தடவை. ஓரங்கட்டுனதைச் சேக்காம.

எதுக்கு அம்மிணி உங்களுக்குக் கண்ணு கலங்குது? நீங்க எதுக்குப் பயப்படறீங்க? சாவியப் பாக்கறீங்களா.

அந்தப் பசங்க மூணு பேரையும் வீதிய உட்டுத் தொரத்துனப்பக்கூட எனக்கு இது தெரியலைங்க. இப்ப உங்க மொகத்தைப் பாத்தாத் தெரியுது. இந்த முப்பத்தி ரெண்டும் தெனமும் என்ற முதுகைப் பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க, கௌசிகா உக்காந்திருந்த மாதிரி.

இந்தாங்க. சாவிய நீங்களே வெச்சுக்கங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.

குழந்தைசாமியண்ணா! வாட்ச்மேன் அண்ணா, சித்தெ இங்க வாங்க. புள்ளைங்களை ஏத்த வேண்டாம், நிழல்ல உக்கார வைங்க. ஆபீசுல சொல்லி வேற டிரைவரை வரச் சொல்லுங்க. டயரு இல்லீங்க. டயரு நல்லாத்தான் இருக்குது. எனக்கு சக்கரை. ஊசி போடறவன், கண்ணைக் கட்டுது, என்னால ஓட்ட முடியாது. ஆமாண்ணா, நான் கையெழுத்துப் போட்டது பொய்தான். அப்படியே போயிச் சொல்லுங்க.

போயிட்டாரு. ஓடறாரு பாருங்க. சொல்லியாச்சு. இன்னொரு பிஸ்கட்டு குடுங்க.

அம்மிணி, என்ற போனு மேல் பாக்கெட்டுல இருக்குது, கை நிக்கலை, நீங்களே எடுத்துப் போடுங்க. கௌசிகா புள்ளைன்னு இருக்கும். போகுதா? காதுகிட்டப் புடிங்க. அப்பறம் உங்க பேப்பர்ல அந்த மொதக் கட்டம் காலியா இருக்குதல்ல, நான் இப்ப சொல்றதைக் கேட்டு அதுலயும் எழுதிக்கங்க.

கண்ணு, மாமாதான். இல்லை, நாளைக்கு வண்டி வராது, அதைச் சொல்லக் கூப்பிடலை. அந்தப் பேப்பரு கையில இருக்குதா? எடு. பேனாவும் எடுத்துக்க. கிழிஞ்ச எடத்துல எழுது. நாச்சிமுத்து. வயசு அம்பத்தி மூணு. ஆண்.